67 கமாரோவுக்கு 18 இன்ச் வீலா, 15 இன்ச்சா? மொதல்ல டேப்பை எடுங்க

கேள்வி: அண்ணா, நான் டல்லாஸ் பக்கம் இருக்கேன். போன மாசம் ஒரு 1967 செவர்லே கமாரோ கார் வாங்கினேன், 327 எஞ்சின், பழைய 14 இன்ச் ஸ்டீல் வீலோட வந்துச்சு. கடைல 18 இன்ச் வீல், பின்னாடி 275 டயர், "அப்படியே மாட்டலாம், எதையும் வெட்ட வேணாம்"னு சொல்றாங்க. ஃப்ரெண்டு கிட்ட ஒரு 1968 டாட்ஜ் சார்ஜர் கார் இருக்கு. ரெண்டு காருக்கும் ஒரே மாடல்ல ரெண்டு செட் ஆர்டர் போட்டா விலை குறையும், நாளைக்கு மாத்தி மாத்தி மாட்டிக்கலாம்ங்கறான். எனக்கு மட்கார்டுல உரசுமோன்னு பயம். எந்த சைஸ் வாங்கட்டும்?

பதில்: தம்பி, பயம் நியாயமான பயம்தான். இன்னும் பணம் கட்டலைன்னா அந்த ஆர்டரை இன்னிக்கே நிறுத்துங்க.

எதையும் வெட்டாம, மடக்காம ஓட்டணும்னா 15க்கு 7 இன்ச் வீல் (விட்டம் 15, அகலம் 7) நாலும் ஒரே மாதிரி, பேக்ஸ்பேஸ் (வீலோட பின் விளிம்புலேர்ந்து ஹப்பைத் தொடற இடம் வரைக்கும் உள்ள தூரம், அளக்கற விதம் கீழ சொல்றேன்) நாலேகால் இன்ச், முன்னாடி 215/65-15, பின்னாடி 235/60-15. வண்டி பார்க்கவும் அந்தக் காலத்து அழகோட நிக்கும், ஸ்டியரிங்கும் கையை ஒடிக்காது, பவர் ஸ்டியரிங் இல்லாத கார்ல அகல டயரைப் போட்டுட்டு பார்க்கிங்ல திருப்பிப் பாருங்க, தெரியும்.

ஏன் இந்த சைஸ்னா, உங்க கார் ஃபேக்டரிலேர்ந்து வந்தப்ப சாதா மாடலுக்கு 7.35-14ன்னு ஒரு டயர், எஸ்எஸ் மாடலுக்கு டி70-14. அந்த டயர் உயரம் எல்லாம் இருபத்தஞ்சரை இன்ச், அதுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. இப்ப 235/60-15 எவ்வளவுன்னு நீங்களே போட்டுப் பாருங்க, 235ங்கறது டயர் அகலம் மில்லிமீட்டர்ல, பக்கச் சுவர் உயரம் அதுல அறுபது சதவீதம், அதாவது 141 மில்லி, அது மேலயும் கீழயுமா ரெண்டு தடவை 282, அதோட 15 இன்ச்சுக்கு 381 கூட்டினா 663 மில்லி, அதாவது 26.1 இன்ச். பழைய உயரத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, ஸ்பீடோமீட்டர் பெருசா பொய் சொல்லாது. கடைக்காரர் சொன்ன 275/40-18 போட்டுப் பார்த்தா 26.7 இன்ச் வரும். அதனால உயரத்துல பெரிய தப்பு இல்ல, "உயரம் சரியா வருது சார்"னு அவர் காட்டறதும் அதனாலதான். சிக்கல் அகலத்துல. 275 மில்லின்னா பதினோரு இன்ச்சுக்கு கொஞ்சம் கம்மி. உங்க கார்ல பின்னாடி உள்பக்கம் லீஃப் ஸ்பிரிங், வெளிப்பக்கம் மட்கார்டு விளிம்பு, இந்த ரெண்டுக்கும் நடுவுல அந்த டயர் உட்காரணும். விளிம்பை உள்ள மடக்கி, சரியான பேக்ஸ்பேஸ்ல வீல் எடுத்து உட்கார வெச்சவங்க இருக்காங்க, இல்லைங்கல. ஆனா "அப்படியே மாட்டலாம்"ங்கறது வியாபாரப் பேச்சு.

பேக்ஸ்பேஸ்னா என்னன்னு புரியாமத்தான் பாதி பேர் ஏமாறாங்க. வீலை முகம் கீழ இருக்கற மாதிரி தரையில போடுங்க, பின்பக்க விளிம்பு மேல ஒரு நேரான கட்டையை குறுக்க வைங்க, அந்தக் கட்டைலேர்ந்து வீல் ஹப்பைத் தொடற இடம் வரைக்கும் எத்தனை இன்ச்னு அளங்க, அவ்வளவுதான். இது கூடினா வீல் உள்ள போகும், குறைஞ்சா வெளிய வரும். இன்னொண்ணு, 7 இன்ச் வீல்ங்கறது டயர் உட்கார்ற உள்பக்க அளவு, வெளி விளிம்புலேர்ந்து அளந்தா எட்டு வரும். பழைய வீல் விக்கறவங்க வெளிய அளந்து "எட்டு இன்ச்"னு விக்கறதை நான் எத்தனையோ தடவை பார்த்துட்டேன்.

ஆர்டருக்கு முன்னாடி ஒரு மணி நேரம் செலவு பண்ணுங்க. ஜாக்கில தூக்காதீங்க, கார் அது கால்லயே சமதரையில நிக்கணும். பின் மட்கார்டு விளிம்புலேர்ந்து நூல்ல ஒரு கனமான நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் இடைவெளி எவ்வளவுன்னு எழுதுங்க. அப்புறம் கீழ படுத்து டயருக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் எவ்வளவுன்னு எழுதுங்க. ரெண்டு பக்கமும் தனித்தனியா, ஏன்னா அந்தக் காலத்து கார் எதுவும் இடமும் வலமும் ஒரே அளவா இருக்காது, அதுக்கு மேல நடுவுல யாராவது பின் ஆக்சிலையே மாத்தியிருக்கலாம். இப்ப இருக்கறது 205 டயர், போடப் போறது 235ன்னா 30 மில்லி கூடுது, பேக்ஸ்பேஸ் அதே கணக்குல இருந்தா பக்கத்துக்கு 15 மில்லி. உள்ள 40 மில்லி இருக்கு, வெளிய 20தான் இருக்குன்னா வீல் உள்ள தள்ளி உட்காரணும், அப்ப கூடுதல் பேக்ஸ்பேஸ் கேளுங்க. எல்லாம் போக உள்பக்கம் அரை இன்ச்சாவது மிச்சம் இருக்கணும், வெளிப்பக்கம் இன்னும் கொஞ்சம், வளைவுல ஆக்சில் பக்கவாட்டுல நகரும். முன்னாடி ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பார்க்கணும். டிஸ்க் பிரேக் மாத்தியிருந்தா காலிப்பர்ல வீல் இடிக்குதான்னும் பாருங்க.

சார்ஜர் விஷயத்துக்கு வரேன், இங்கதான் பெரிய ஆபத்தே இருக்கு. உங்க கமாரோவுக்கு அஞ்சு போல்ட், அந்த போல்ட்டுங்க நிக்கற வட்டத்தோட விட்டம் 4.75 இன்ச். அவர் சார்ஜருக்கும் அஞ்சு போல்ட்தான், ஆனா வட்டம் 4.5 இன்ச். கால் இன்ச் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டுக்கும் பொருந்தற "யூனி-லக்" வீல் இருக்குன்னு கடைல சொல்லுவாங்க, இருக்கு, ஓட்டை வட்டமா இல்லாம நீளமா இருக்கும், காருக்குத் தகுந்த மாதிரி மையம் தள்ளின வாஷர் போட்டு இறுக்கணும். அந்த வாஷர் மாறிப் போச்சுன்னா, இல்ல ஒண்ணு தொலைஞ்சு சாதா வாஷரைப் போட்டுட்டா, வீல் நடுவுல உட்காராது, நட் தானா லூஸ் ஆகும். ரோட்டுல குடும்பத்தோட போற காருக்கு அது வேணாம். அவங்கவங்க வட்டத்துக்கு ஓட்டை போட்ட வீலை அவங்கவங்க வாங்குங்க.

இன்னொண்ணு அவர் கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சார்ஜர் கிரைஸ்லர் கம்பெனி கார், அந்த வருஷத்து கிரைஸ்லர் கார்ல டிரைவர் பக்கத்து ரெண்டு வீலுக்கும் மரை தலைகீழ். எல்லா நட்டும் கழட்டற பக்கம் திருப்பினா அது இறுகும். போல்ட் நுனியில "எல்"ங்கற எழுத்து அடிச்சிருக்கும், துரு பிடிச்சிருந்தா தெரியாது. டயர் கடையில சின்னப் பசங்க ஏர் கன்னை வெச்சு விடாம அடிப்பாங்க, போல்ட் ஒடிஞ்சு கையில வரும், அப்புறம் "பழைய கார் சார், நாங்க பொறுப்பில்ல"ம்பாங்க. முன்னாடி யாராவது போல்ட்டை மாத்தி சாதா மரை போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால ஒவ்வொண்ணையும் கையால கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க, ஒரு பக்கம் பார்த்துட்டு மறுபக்கமும் அப்படித்தான்னு முடிவு பண்ண வேணாம். உங்க கமாரோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

டயர் தேதி. இதை விடவே மாட்டேன். பக்கச் சுவர்ல டிஓடின்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், கடைசி நாலு எண் 2319னா 2019ல 23வது வாரம் செஞ்ச டயர். முழு நம்பர் ஒரு பக்கம் மட்டும் இருந்தா போதும்னு ரூல் வெச்சிருக்காங்க. மாட்டின விதத்தைப் பொறுத்து தேதி உள்பக்கம் போயிடலாம், அப்ப படுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஒரு தடவை கஸ்டமர் காருக்கு "புத்தம் புதுசு"ன்னு நாலு டயர் வரவழைச்சேன், பிரிச்சுப் பார்த்தா ஏழு வயசு. கடைக்கு ஃபோன் பண்ணா "ஓடாத டயர்தானே சார்"ங்கறாங்க. பழைய டயரை விக்கக் கூடாதுன்னு இந்த நாட்டுல மத்திய சட்டம் எதுவும் கிடையாது. ரொட்டி பாக்கெட்ல தேதி இருக்கு, உயிரைத் தாங்கற டயருக்கு எக்ஸ்பைரி கிடையாதா? 2025 ஜனவரிலேர்ந்து டெக்சாஸ்ல சொந்த வண்டிக்கு வருஷா வருஷம் பண்ற சேஃப்டி இன்ஸ்பெக்ஷனையும் எடுத்துட்டாங்க, அதனால நீங்கதான் உங்களுக்கு இன்ஸ்பெக்டர். பணம் கட்டறதுக்கு முன்னாடி தேதியை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, மழுப்பினா வேற கடை பாருங்க. காரோட வந்த அந்த 14 இன்ச் டயர்லயும் இன்னிக்கே பாருங்க, தேயாம இருக்கலாம், ஆனா பத்து வருஷம் தாண்டியிருந்தா ஹைவேல ஏத்தாதீங்க.

கடைசியா வாங்கற முறை. வீலை மட்டும் மொதல்ல வரவழைங்க. டயர் மாட்டிட்டா திருப்பி எடுத்துக்க மாட்டோம்னு அநேகமா எல்லாக் கடையும் பில்லுல பொடி எழுத்துல போட்டிருக்கும், "கண்டிப்பா பொருந்தும்"னு கேரண்டி கொடுக்கற கடையும் அதையேதான் போட்டிருக்கும். வெறும் வீலை முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு மாட்டி, கையால சுத்தி, ஸ்டியரிங் திருப்பி, எங்கயும் இடிக்கலைன்னு தெரிஞ்சப்புறம் டயர் போடச் சொல்லுங்க. நட் உங்க காருக்கு 7/16 மரை, புது வீலுக்கு கூம்பு நட்டா, தண்டு நீண்ட வாஷர் வெச்ச நட்டான்னு கேட்டு அதையே வாங்குங்க, பழைய நட்டு மரையில ஏறுதுங்கறதுக்காக அதையே போட்டுடாதீங்க. ஓட்ட ஆரம்பிச்சு அம்பது மைல்ல ஒரு தடவை டார்க் ரெஞ்சால இறுக்கிப் பாருங்க, நூறுல இன்னொரு தடவை.