பாதியில் நிறுத்தியவருக்கு

கேள்வி: கிரித் உங்கோல் குழுவின் 'கிங் ஆஃப் தி டெட்' ஆல்பம் பதற்றத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். இசை ஊர்ந்து செல்கிறது, பாடகர் கிறீச்சிடுகிறார். 'ஃபிங்கர் ஆஃப் ஸ்கார்ன்' பாடலைப் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாத குழு என்பதாலேயே தூக்கிப் பிடிக்கிறீர்களா?

பதில்: ஒரு குழு புகழ்பெறவில்லை என்பதை வைத்து அதன் இசையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் ஒரே வகைச் சோம்பல்தான், முதலாவதை நாங்கள் செய்ததாகச் சொல்லும் நீங்கள் இரண்டாவதைச் செய்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் வென்சுராவில் 1970களின் தொடக்கத்திலேயே கூடிய இந்த ஹெவி மெட்டல் (கனத்த மின்கிதார் இசை) குழுவினர் தாங்களே தயாரித்த இந்த ஆல்பம் 1984இல் வெளியானபோது, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த லாஸ் ஏஞ்சல்ஸில் ஒப்பனையும் பகட்டுமாகப் பளபளத்த கிளாம் மெட்டல் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. மறுபுறம் மெட்டாலிக்கா போன்ற குழுக்கள் வேகத்தின் எல்லையைத் தள்ளிக்கொண்டிருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் இவர்கள் பொருந்தவில்லை. புகழைப் பற்றிய பேச்சு இத்துடன் போதும்.

ஊர்ந்து செல்கிறது என்கிறீர்கள். சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதைக் குறையாக எண்ணியதில்தான் பிசகு. வேகமான இசையில் அடுத்த தட்டு எப்போது விழும் என்று காதுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. தாளம் தளரும்போதோ ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விரிகிறது, கேட்பவர் அந்த இடைவெளியில் காத்திருக்க நேர்கிறது, ஒரே ரிஃப், அதாவது சிறு கிதார் சொற்றொடர், திரும்பத் திரும்ப வர வர, இது எப்போது மாறும் என்ற எதிர்பார்ப்பு கனத்துக்கொண்டே போகிறது. இது இவர்கள் கண்டுபிடித்ததன்று. பிளாக் சப்பாத் குழு 1970லேயே தன் பெயரையே தாங்கிய பாடலில் மூன்று சுரங்களை வைத்துக்கொண்டு இதைச் செய்துகாட்டிவிட்டது. இவர்கள் கூடுதலாகச் செய்தது, மைக்கேல் 'ஃப்ளின்ட்' வூஜியாவின் பேஸ் கிதாரை (தாழ்ந்த சுரங்களுக்கான கிதார்) அடியில் புதைக்காமல் முன்னால் கொண்டுவந்ததுதான். ஜெர்ரி ஃபோகலின் கிதார் ஒரு வழியில் போக, பேஸ் தன் போக்கில் வேறொரு வழியில் அலைகிறது, இரண்டும் எங்கே சந்திக்கும் என்ற ஐயம் கடைசிவரை தீர்வதில்லை. ஒலிப்பதிவு மெலிந்திருப்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இந்த அலைச்சல் இவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு அந்த மெலிவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பாடகர் டிம் பேக்கரின் குரல் எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கே மூன்று முறை கேட்ட பிறகுதான் பழகியது. இவ்வளவு மெதுவான இசையின்மேல் கம்பீரமான, உருண்டு திரண்ட குரல் ஒன்று பாடியிருந்தால் எல்லாம் சடங்குபோல் அடங்கிப்போயிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இனி நீங்கள் நிறுத்திய பாடல். இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் 'டெத் ஆஃப் தி சன்' என்ற குறுகிய, விரைவான பாடலோடு தொடங்குகிறது. காது அந்த வேகத்துக்குப் பழகிய உடனே, ஆல்பத்திலேயே மிக நீளமான 'ஃபிங்கர் ஆஃப் ஸ்கார்ன்' அக்கூஸ்டிக் கிதாரின் மெல்லிய மீட்டலோடு வருகிறது. வேகத்தைக் கொடுத்துவிட்டு உடனே பறித்துக்கொள்ளும் இந்த வரிசை தற்செயலாக அமைந்ததென்று நான் நம்பவில்லை. எட்டு நிமிடத்தைத் தாண்டும் அந்தப் பாடலுக்குப் பின், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்கு எழுதிய 'டி மைனர் டொக்காட்டா' என்ற படைப்பை வார்த்தையில்லாமல் மின்கிதாரில் வாசிக்கிறார்கள். சிறு வீச்சாக ஒரு சொற்றொடர், பிறகு மௌனம், மறுபடி ஒரு வீச்சு என்று தொடங்கும் படைப்பு அது; பதற்றத்தை மௌனத்தால் ஏற்றும் கலையில் அதற்கு முன்னூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதற்கும் பிறகே குழுவின் பெயரைத் தாங்கிய கடைசிப் பாடல் வருகிறது. அதுவரை சேர்ந்த பாரம் முழுவதும் அதன்மேல்தான் இறங்குகிறது.

ஆக, ஏற்றத்தின் நடுப்படியில் இறங்கிவிட்டு, உச்சி எங்கே என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தை மட்டும் ஒருமுறை இடையில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிடுகிறேன்.