அடுக்கைத் தாண்டாத வெப்பம்

கேள்வி: 3 மி.மீ. தாமிரத் தகட்டின் மேல் அலுமினியத் தகடு, நடுவில் 0.1 மி.மீ. தெர்மல் கிரீஸ் (வெப்பம் கடத்தும் பசை). அடியில் சதுர மீட்டருக்கு 50,000 வாட் கொடுத்து சிமுலேஷன் ஓட்டினால் தாமிரம் சூடேறிக்கொண்டே போகிறது, அலுமினியத்தின் வெப்பநிலை அசையவே இல்லை. தொடும் முகத்துக்கு நானே ஒரு வெப்பநிலை கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த வெப்பநிலை கணக்கின் விடையாக வர வேண்டியது. நீங்களே கொடுத்தால் இரு தகடுகளும் தனித்தனிக் கணக்காகிவிடும். ஒன்றிலிருந்து வெளியேறும் வெப்பமும் மற்றதில் நுழையும் வெப்பமும் ஒத்துப்போகாது.

உங்கள் மாடலில் தொடும் முகங்கள் இரண்டு தனிச் சுவர்களாகப் பதிவாகியிருக்கும். பல மென்பொருள்களில், எதுவும் சொல்லாமல் விட்ட சுவர் வெப்பம் கடத்தாத சுவர்தான். இரண்டையும் ஜோடியாக்கி ‘கப்பிள்டு’ (இணைந்தவை, வெப்பம் கடக்கும்) என்று மாற்றுங்கள். அலுமினியத்தின் மேல்முகத்தில் வெப்பம் வெளியேற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிரீஸுக்கு மெஷ் (கணக்கிடுவதற்கான சிறு கட்டங்கள்) போட வேண்டியதில்லை. அதன் தடிமனை வெப்பக் கடத்துதிறனால் வகுத்து, அந்த முகத்தில் வெப்பத்தடையாகக் கொடுங்கள். கடத்துதிறன் 1 வாட்/மீ.கெல்வின் என்றால் தடை 0.0001 ச.மீ.கெல்வின்/வாட், இரு முகங்களுக்கும் இடையே 5 டிகிரி வித்தியாசம் வரும். 3 மி.மீ. தாமிரம் முழுவதிலும் இறங்குவதே சுமார் 0.4 டிகிரிதான்! அதே இடைவெளியில் கிரீஸுக்குப் பதில் காற்று (கடத்துதிறன் 0.026) இருந்தால், வெறும் கடத்தலில் 190 டிகிரியைத் தாண்டும். அதனால் இடைப்பொருளின் கடத்துதிறனை ஊகத்தில் போடாதீர்கள்.

வெப்பநிலைகள் மாறாமல் நிலைப்பட்ட பிறகு இரு முகங்களின் மொத்த வெப்ப ஓட்டத்தையும் எடுத்து, ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். சொந்தமாக நிரல் எழுதினால், எல்லை முகத்தில் கடத்துதிறன்களின் கூட்டுச் சராசரி தவறான விடை தரும். இசைச் சராசரியையே (தலைகீழ்களின் சராசரியின் தலைகீழ்) பயன்படுத்துங்கள்.