பெரிய படத்தையே சிறிதாக்கிக் காட்டினால் போதாதா? வெப்சைற்றில் தம்நெயில் என்று ஒரு சின்ன முன்னோட்டப் படம் தனியாக வேண்டுமா?

போதாது. போதும் என்று நினைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் காரைநகரில் இருக்கிற என் சின்னம்மா பனையோலையில் கடகம், சுளகு, பிட்டு அவிக்கிற கூம்பு வடிவ நீத்துப்பெட்டி எல்லாம் இழைப்பார். "வெளிநாட்டுச் சனம் கேக்குது, ஒரு வெப்சைற் செய்து தாவன் தம்பி" என்றார். வெப்சைற் கட்டுகிற மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்து கொடுத்தேன். முற்றத்தில் வைத்துப் போனில் எடுத்த 30 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்.பி. முதல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அகலம் 200 பிக்சல் என்று கொடுத்து வரிசையாக அடுக்கினேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் சின்னம்மா கோல் எடுத்தார்: "தம்பி, போட்ட டேட்டா முழுக்க என்ரை கடையைப் பாக்கவே முடிஞ்சு போச்சு."

அகலம் 200 என்பது எவ்வளவு இடத்தில் காட்டுவது என்று பிரவுசருக்குச் சொல்வது மட்டும்தான். கோப்பு சிறுக்காது. 4000 பிக்சல் படத்தை முழுதாக இறக்கிவிட்டுத்தான் சுருக்கிக் காட்டும். 30 படத்துக்கு 120 எம்.பி. கணக்குப் பாருங்கள்!

தம்நெயில் தனிக் கோப்பு. 200 பிக்சலில் காட்டப்போகிறீர்கள் என்றால் 400இல் செய்யுங்கள். இப்போதைய போன் திரைகளில் பிக்சல்கள் நெருக்கமாக இருக்கும், சரியாக 200இல் செய்தால் மங்கித் தெரியும். சேமிக்கும்போது ஜேபெக் (படக்கோப்பு வகை) தரத்தை 75 அளவில் வைத்தால் எனக்குப் படம் ஒன்று ஏறத்தாழ 30 கே.பி. வந்தது. முழுப் பக்கமும் 1 எம்.பி.க்குள் அடங்கியது. அகலம், உயரம் இரண்டையும் குறிப்பிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் துள்ளும். லேசி லோடிங்கை, அதாவது கீழே உருட்டும்போது மட்டும் படத்தை இறக்குவதை, வேர்ட்பிரஸ் 5.5இலிருந்து (2020) அதுவே பார்த்துக்கொள்கிறது.

வேர்ட்பிரஸ் தம்நெயிலும் தானே செய்யுமே என்பீர்கள். செய்யும், 150க்கு 150 சதுரமாக, நடுவைப் பிடித்து வெட்டும். அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி. போனை நிமிர்த்தி எடுத்த படத்தில் மேலும் கீழும் எட்டில் ஒரு பங்கு போய்விடும். நீத்துப்பெட்டிக்கு உயிரே அந்தக் கூரான அடிதானே! அது வெட்டுப்பட்டு, மேல் வாய் மட்டும் மிஞ்சியது. கனடா ஸ்காபரோவிலிருந்து ஒருவர் "அந்தப் பூச்சாடி என்ன விலை?" என்று கேட்டு எழுதியிருந்தார். சின்னம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றையும் நானே இருந்து வெட்டினேன். சுளகுக்கு முழு உருவமும் தேவையில்லை, பின்னல் தெரிகிற ஒரு மூலை காணும். கடகத்துக்குப் பிடிக்கிற விளிம்பு தெரிய வேண்டும். இதை எந்த மென்பொருளிடமும் விடமாட்டேன். படத்துக்குள் விலை எழுதுவதும் வேண்டாம், அந்தச் சிறிய அளவில் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் இருக்கும்.

வேர்ட்பிரஸ் செற்றிங்ஸில் தம்நெயில் அளவை மாற்றினால் அது புதிதாக ஏற்றும் படங்களுக்குத்தான் செல்லும். பழையவற்றுக்கு ரீஜெனரேட் தம்நெயில்ஸ் என்ற பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கிற துணை மென்பொருள்) ஓடவிடுங்கள்.

அழுத்தினால் திறக்கிற பெரிய படத்தையும் 1600 பிக்சலுக்குக் குறைத்தே ஏற்றுங்கள். போனில் லொக்கேஷன் போட்டு எடுத்த படம் என்றால் அந்த இடத்தகவலையும் அழித்துவிடுங்கள், வீட்டு முற்றம் எங்கே இருக்கிறது என்பது அதற்குள்ளேயே கிடக்கும்.