பேஸ்மென்ட்டில் வைன் அறை: வாசகர் கேள்வி பதில்

டொரன்டோ சுற்றுவட்டாரத்தில் வீட்டிலேயே வைன் அறை கட்ட விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வீட்டு முன்வாசல் திண்ணைக்குக் கீழே ஒரு கோல்ட் ரூம் இருக்கிறது. இப்போது அரிசி மூட்டையும் வெங்காயமும் வைத்திருக்கிறோம். கூலிங் மெஷின் எதுவும் இல்லாமல் அதையே வைன் அறையாக்க முடியுமா? (மார்க்கம்)

முதலில் அளந்து பாருங்கள். கோல்ட் ரூமின் மேற்கூரை வெறும் கான்கிரீட் பலகைதான். அதன்மேல் பனியும் வெயிலும் நேராக விழுகின்றன. வீட்டுப் பக்கம் மட்டும் இன்சுலேஷன் வைத்த கதவு. ஆகவே அந்த அறை வீட்டின் வெப்பத்தைப் பின்பற்றாது, வெளியிலுள்ள பருவத்தைத்தான் பின்பற்றும். ஜனவரியில் உறைநிலையை நெருங்கலாம், ஆகஸ்டில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். 12 சதவீத ஆல்கஹால் உள்ள வைன் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரியில் உறையத் தொடங்கும். உறைந்தால் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். உறையாவிட்டாலும், ஏறி இறங்கும் வெப்பத்தில் வைன் விரிந்து சுருங்கும்போதெல்லாம் கார்க்கின் ஓரமாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும்.

மிகக் குறைந்த, மிகக் கூடிய அளவுகளைப் பதிவு செய்து வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதன் உணரியை ஒரு வைன் போத்தலில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வையுங்கள். கதவைத் திறந்தால் காற்றின் வெப்பம் நொடியில் மாறும், போத்தலுக்குள் இருப்பது மாற மணிக்கணக்காகும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது அளவு. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூலை, ஆகஸ்டிலும் கட்டாயம் பாருங்கள். குளிர்காலத்தில் 7, 8 டிகிரிக்குக் கீழே இறங்காமலும், கோடையில் 18ஐத் தாண்டாமலும், மாற்றம் வாரக்கணக்கில் மெதுவாக நிகழ்வதாகவும் இருந்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் குடிக்கப்போகும் வைனுக்கு அந்த அறையே போதும். அதற்கு மேல் வைப்பதென்றால் 12 முதல் 14 டிகிரி வேண்டும். அதற்கு இன்சுலேஷனும் மெஷினும் இல்லாமல் முடியாது.

அப்படிச் செய்வதானால் வரிசை முக்கியம். மழை பெய்த மறுநாள் டார்ச் அடித்து மேற்பலகையின் அடிப்பகுதியைப் பாருங்கள். கைப்பிடிக் கம்பிகள் ஊன்றிய துளைகள், பலகை வீட்டுச் செங்கல்லைத் தொடும் மூலை, படிகள் சேரும் இடம் ஆகிய மூன்றும் வழக்கமாக ஒழுகும் இடங்கள். வெள்ளைத் தூள் படிந்திருந்தால் தண்ணீர் கான்கிரீட்டின் ஊடாக வருகிறது என்று பொருள். இதை மேலிருந்துதான் சரிசெய்ய வேண்டும், அதுவும் முதலில். இன்சுலேஷன் ஃபோம் அடித்த பிறகு ஒழுகலை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுவரிலுள்ள இரண்டு காற்றுக் குழாய்களை அடைத்துவிட்டு, சுவரை வெறுமையாக விட்டுவிடுபவர்கள் பலர். அந்தக் குழாய்கள் ஈரம் வெளியேறுவதற்காக வைத்தவை. அவற்றை மட்டும் அடைத்தால் ஒரு கோடைக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒன்று, குழாய்களோடு கோல்ட் ரூமாகவே விடுங்கள். அல்லது முழுவதும் அடைத்து முழுவதும் இன்சுலேட் செய்யுங்கள். பாதி வேலை இங்கே ஆபத்து.

முழு வேலை என்பது: வெளிச்சுவர்களிலும் மேற்பலகையின் அடியிலும் குளோஸ்டு செல் ஸ்பிரே ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் இன்சுலேஷன்) 3 அங்குலம். அதன்மேல் அரை அங்குல டிரைவால் (ஜிப்சம் பலகை). இது அழகுக்காக அல்ல, ஃபோமைத் தீயிலிருந்து காப்பதற்காகக் கட்டட விதி கேட்பது. வீட்டுப் பக்கச் சுவருக்கும் இன்சுலேஷன் தேவை, ஏனென்றால் இனி வெப்பம் வரப்போவது அந்தப் பக்கத்திலிருந்துதான். மெஷினையும் அந்த உட்சுவரில் பொருத்தி, சூடான காற்றை பேஸ்மென்ட்டுக்குள் விடுங்கள். சுவருக்குள் பொருத்தும் சாதாரண மெஷின்களின் பின்பக்கம் கனடாவின் குளிர்காலக் காற்றைத் தாங்காது.

வெங்காயத்துக்கு வேறு இடம் பாருங்கள். அழுகும் ஒரு வெங்காயம் போதும், பூஞ்சை தொடங்க.

பேஸ்மென்ட் மூலையில் 8 அடிக்கு 6 அடி அறை கட்டுகிறோம். வீடு முழுவதும் இருப்பதுபோல இதிலும் ஈரக்காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளான வேப்பர் பேரியரை அறையின் உட்பக்கம் போடுவதாக கான்ட்ராக்டர் சொல்கிறார். சரியா? (ஏஜாக்ஸ்)

சரியல்ல. வேலையை நிறுத்திவைத்துவிட்டு இதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த வைன் அறைகள் சில ஆண்டுகளில் அழுகிப்போவதற்கு இதுவே முதல் காரணம்.

பேரியர் எப்போதும் வெப்பமான பக்கத்தில் இருக்க வேண்டும். கனடா வீட்டுச் சுவரில் குளிர்காலத்தில் வெப்பமான பக்கம் உட்பக்கம், அதனால் அங்கே உள்ளே போடுகிறார்கள். வைன் அறையில் ஆண்டு முழுவதும் குளிர்ந்த பக்கம் உள்ளேதான். கோடையில் உங்கள் பேஸ்மென்ட் 22 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 14 டிகிரிக்கு அருகே குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். உங்கள் அறையோ 13 டிகிரி. பிளாஸ்டிக் உட்பக்கம் இருந்தால், பேஸ்மென்ட்டின் ஈரக்காற்று டிரைவாலையும் இன்சுலேஷன் பஞ்சையும் கடந்துவந்து, ஐஸ் தண்ணீர் தம்ளர் வியர்ப்பதுபோல அந்தப் பிளாஸ்டிக்கின் பின்பக்கம் வியர்க்கும். சுவருக்குள் இருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பஞ்சு நனைந்து தொய்யும், சுவருக்குள் நிற்கும் மரக்கட்டை கறுக்கும், மெஷின் ஓயாமல் ஓடும்.

6 மில் (ஏறக்குறைய 0.15 மில்லிமீட்டர்) தடிமனுள்ள பாலிஎத்திலீன் தாளைக் கட்டைகளின் வெளிப்பக்கம், அதாவது பேஸ்மென்ட்டைப் பார்த்த பக்கம் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். ஒட்டுமிடத்தில் 6 அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கட்டடக்காரர்களின் சிவப்பு டேப்பால் ஒட்ட வேண்டும். வெளிப்பக்க டிரைவாலை ஏற்கெனவே அடித்துவிட்டார்கள் என்றால் அதைக் கழற்ற வேண்டியதில்லை: உள்ளிருந்து கட்டைகளுக்கு இடையே 2 அங்குலத்துக்குக் குறையாமல் குளோஸ்டு செல் ஃபோம் அடித்தால் அதுவே பேரியர். எங்கள் கணிப்பில் சின்ன அறைக்கு இதுதான் நல்ல வழி. செலவு கூடினாலும் மூலை முடுக்குகளில் ஓட்டை விழ வாய்ப்பு குறைவு. ‘பாதுகாப்புக்கு’ என்று உட்பக்கமும் இரண்டாவது பிளாஸ்டிக் போட விடாதீர்கள். இடையில் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

இன்சுலேஷன் வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு ஆர். சுவருக்கு ஆர்-20, கூரைக்கு ஆர்-30 குறியாக வையுங்கள். வெளி அஸ்திவாரச் சுவரில் பஞ்சை கான்கிரீட்டோடு ஒட்டி வைக்கக் கூடாது, அங்கே ஃபோம்தான். கூரைக்குமேல், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் சூட்டுக் குழாய் போகிறதா என்று பாருங்கள். போனால் அதை வேறு பக்கம் திருப்ப வேண்டும். கூரையில் துளையிட்டுப் பதிக்கும் பாட் லைட் வேண்டாம். கதவு வெளிவாசலுக்குப் போடும் தரத்தில், நான்கு பக்கமும் ரப்பர் பட்டையோடு, அடியில் இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு ஆசையென்றால் இரட்டைக் கண்ணாடிக்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள்.

தரையைச் சோதிக்க 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் துண்டை கான்கிரீட்டில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுநாள் தூக்கிப் பாருங்கள். அடியில் துளிகள் இருந்தால் முதலில் தரைக்கு ஈரத்தடுப்புப் பூச்சு. அதன்மேல் டைல் நல்லது. கார்பெட்டும் லாமினேட்டும் ஆகாது.

சாதாரண ஏசி போதாதா? வைன் மெஷின் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். (பிராம்ப்டன்)

போதாது. வீட்டு ஏசி பொதுவாக 16 டிகிரிக்குக் கீழே போக வடிவமைக்கப்பட்டதல்ல. ஏமாற்றிப் போக வைத்தால் அதன் காயிலில் பனி கட்டும். காற்றிலுள்ள ஈரத்தையும் அதிகமாக உறிஞ்சிவிடும். வைன் அறைக்கு 50 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும்.

மெஷினை ஃபர்னஸ் அறையைப் பார்த்து வைத்தோம். ஜூலையில் அறை 17 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. மெஷின் பழுதா? (ஸ்கார்பரோ)

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. சுவரில் பொருத்தும் மெஷின்கள் பெரும்பாலும் தாம் சூட்டை வெளிவிடும் இடத்தைவிட அதிகபட்சம் 17 டிகிரி குறைவாக மட்டுமே குளிர்விக்கும். மூடிய ஃபர்னஸ் அறை, அதில் வாட்டர் ஹீட்டர், மேலும் உங்கள் மெஷினே கொட்டும் சூடு எல்லாம் சேர்ந்து அந்த இடம் 34 டிகிரியானால், உள்ளே 17தான் கிடைக்கும். ஃபர்னஸ் அறையின் கதவைத் திறந்துவைத்து ஒருநாள் பாருங்கள். இறங்கினால் காரணம் அதுவே. சூடு பெரிய அறைக்குப் போக வழி செய்யுங்கள். இறங்காவிட்டால் ஃபில்டரில் தூசி, மெஷின் வாயை மறைக்கும் போத்தல்கள், கதவடி இடைவெளி என்ற வரிசையில் தேடுங்கள்.

இனிமேல் வாங்குபவர்களுக்கு: மெஷினைக் கூரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பொருத்துங்கள், சூடான காற்று மேலே நிற்பதால். தனி மின்சுற்று கொடுங்கள். ஒன்டாரியோவில் புதிய மின்சுற்றுக்கு எலக்ட்ரிக்கல் சேஃப்டி அதாரிட்டியில் பதிவு செய்ய வேண்டும். வடியும் நீருக்குக் குழாய் வழியையும் டிரைவால் அடிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எத்தனை போத்தல் கொள்ளும்? என்ன மரம்? (மிசிசாகா)

போத்தலுக்கு அகலத்திலும் உயரத்திலும் 10 சென்டிமீட்டர் என்று கணக்கிடுங்கள். 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள ரேக்கில் 200 போத்தல் கிடக்கும், ஆழம் 35 சென்டிமீட்டர் போதும். நிறைந்த போத்தல் ஏறக்குறைய 1.3 கிலோ, ஆக அந்த ஒரு ரேக்கே 260 கிலோ. டிரைவாலில் அல்ல, உள்ளே நிற்கும் கட்டையில் திருகுங்கள். பூச்சில்லாத பைன் நல்லது. மருந்தேற்றிய பச்சை நிற மரத்தையும் எண்ணெய் வார்னிஷையும் தவிர்க்கவும். ஷாம்பெயின் போத்தல் பருமன் கூடியது, சாதாரண ரேக்கில் இறுகிக்கொள்ளும். அதற்கு அகலமான ஒரு வரிசை விடுங்கள்.

ரேக்கின் அடிக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சை. பிளீச் போட்டுத் துடைக்கலாமா? (விட்பி)

தயவுசெய்து பிளீச்சை அந்த அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. குளோரின் மரத்திலும் அட்டையிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து குளோரோஃபீனால்களாகும். அவற்றைப் பூஞ்சை டி.சி.ஏ. என்ற பொருளாக மாற்றும். ‘கார்க் கெட்டது’ என்று சொல்லும் ஈர அட்டை வாடை அதனுடையதுதான். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். அட்டைப் பெட்டிகளை வெளியேற்றுங்கள். ஈரப்பதமானி 75க்கு மேல் காட்டினால் பூஞ்சை மறுபடி வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தரையையும் கதவையும் பாருங்கள்.

எங்களிடம் 60 போத்தல்தான். அறை கட்ட வேண்டுமா? (பிக்கரிங்)

வேண்டாம். கடைகளில் கிடைக்கும் வைனில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடிக்கத் தயாரிக்கப்பட்டது. நல்ல போர்தோ, பரோலோ, ரீஸ்லிங், நயாகராவின் ஐஸ் வைன் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்க்கத் தொடங்கி, எண்ணிக்கை 200ஐ நெருங்கும்போது அறையைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கம்ப்ரசர் உள்ள 100 போத்தல் வைன் ஃபிரிட்ஜ் போதும். 13 டிகிரியில் வையுங்கள். அலமாரிக்குள் செருகுவதானால் முன்பக்கம் காற்று விடும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் விடுவதை அடைத்து வைத்தால் கம்ப்ரசர் சீக்கிரம் போய்விடும்.