லிமிடெட் எடிஷன் விற்பனை அன்று வெப்சைட் ஏன் படுத்துவிடுகிறது? சர்வரைக் கூட்டினால் தீராதா?

கேள்வி இதுதான்: குறைந்த எண்ணிக்கையில் வரும் நாணயம், ஷூ, கேம் கன்சோல் போன்றவை ஆன்லைனில் விற்பனைக்கு வந்த முதல் நிமிடத்திலேயே சைட் ஏன் விழுகிறது? இவ்வளவு பணம் வைத்திருக்கும் நிறுவனங்கள் கூட நாலு சர்வர் போட்டால் என்ன?

போடுவார்கள். போட்ட பிறகும் விழும். ஆன்லைன் கடைகளின் பின்பக்க மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. இப்படிப்பட்ட விற்பனை நாள்களில் வருகைக் கணக்கின் கிராஃப் செங்குத்தாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க அரசின் நாணயச் சாலையான யு.எஸ். மின்ட்டை எடுத்துக்கொள்வோம். 2020 நவம்பர் 5. இரண்டாம் உலகப் போர் முடிந்து 75 ஆண்டு ஆனதற்காக, ‘வி75’ என்ற சின்ன முத்திரை குத்திய அமெரிக்கன் ஈகிள் நாணயங்களைப் பகல் 12 மணிக்கு விற்பனைக்கு விட்டார்கள். வெள்ளியில் 75,000, தங்கத்தில் வெறும் 1,945. போர் முடிந்த வருடத்தையே எண்ணிக்கையாக வைத்திருக்கிறார்கள், ரசனைதான். ஆனால் மணி 12 அடித்ததும் சைட் திணற ஆரம்பித்தது. காத்திருந்த பலருக்குப் பக்கமே சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் தங்க நாணயம் தீர்ந்துவிட்டது.

அடுத்த வருடம் மே 24-ஆம் தேதி மறுபடியும் அதே கதை. 1921-இல் மார்கன் டாலர் என்ற வெள்ளி நாணயம் போய் பீஸ் டாலர் வந்ததன் நூற்றாண்டு. எப்போதோ மூடப்பட்ட கார்சன் சிட்டி, நியூ ஆர்லியன்ஸ் சாலைகளின் அடையாள எழுத்தோடு மார்கன் டாலர்கள் வந்தன, வகைக்கு 1,75,000 வீதம். முந்தைய தங்க நாணயத்தோடு ஒப்பிட்டால் கொட்டிக் கிடக்கிற சரக்கு. அப்படியும் சைட் தாங்கவில்லை. கடைசியில் ஜூன் 1, ஜூன் 7 என்று அறிவித்திருந்த மீதி நாணயங்களின் முன்பதிவையே தள்ளிவைத்தார்கள். வெப்சைட் நெரிசலைக் கையாளும் கருவிகளை ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

சாதாரண நாளில் ஒரு கடை சைட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார்கள். பொருளின் படம், விலை, விவரம் எல்லாம் யார் பார்த்தாலும் ஒன்றுதான். அதன் நகலை ஊர் ஊராக இருக்கும் நகல் சர்வர்களில் (கேஷ்) வைத்துவிட்டால் மூல சர்வருக்கு வேலையே கிடையாது. கோடிப் பேர் வந்தாலும் காட்டலாம். நகல் எடுத்து வைக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு: இந்த நொடியில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு.

அந்த 1,945 என்ற எண் டேட்டாபேஸில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. ஒருவர் வாங்கினால் அது 1,944 ஆக வேண்டும். இரண்டு பேர் ஒரே கணத்தில் 1,945-ஐப் படித்து இருவருமே 1,944 என்று எழுதினால், ஒரே நாணயம் இரண்டு பேருக்கு விற்கப்பட்டுவிடும். அதைத் தடுக்க டேட்டாபேஸ் அந்த இடத்தைப் பூட்டிவிட்டு ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடும். ரேஷன் கடையில் பில் போடப் பத்துப் பேரை உட்கார வைத்தாலும், அளந்து போடுகிறவர் ஒருவர்தான் என்றால் கூட்டம் எங்கே தேங்கும்? புதிதாகச் சேர்க்கிற ஒவ்வொரு சர்வரும் இன்னொரு பில் கவுன்டர் மாதிரிதான். டேட்டாபேஸின் மேல் விழுகிற அழுத்தம் இன்னும் கூடும், அவ்வளவே.

இதற்கு வழியே இல்லையா என்றால், உண்டு. இருப்புக் கணக்கை டேட்டாபேஸிலிருந்து எடுத்து ரெடிஸ் போன்ற, எல்லாவற்றையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும் மென்பொருளில் வைத்து வேகமாகக் குறைக்கலாம். 1,945-ஐப் பல கூறாகப் பிரித்து வெவ்வேறு இடத்திலும் வைக்கலாம். நல்ல குழுக்கள் இதைச் செய்கின்றன. செய்தவுடன் நெரிசல் அடுத்த இடத்துக்கு நகர்கிறது.

அந்த அடுத்த இடம் பெரும்பாலும் லாகின். வெளியே யாரும் பேசாத விஷயம் இது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கணக்கு வேண்டுமென்றே மெதுவாக நடக்கும்படி வடிவமைக்கப்பட்டது. திருடன் நொடிக்கு லட்சம் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தப் பாதுகாப்பே விற்பனை நாளில் கழுத்தைப் பிடிக்கிறது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு இரண்டு லட்சம் பேர் ஒன்றாக உள்ளே நுழையப் பார்த்தால், விற்பனை தொடங்கும் முன்பே சிபியு முழி பிதுங்கி நிற்கும். அதையும் தாண்டினால் பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமென்ட் கேட்வே, பேங்க், ஓடிபி எஸ்எம்எஸ். இவை எதுவுமே கடைக்காரர் கையில் இல்லை. நம் சைட் கல் மாதிரி நிற்கும், ஓடிபி வராது. வாங்குகிறவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை. சைட் ஊத்திக்கிச்சு என்றுதான் எழுதுவார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான்.

இதோடு நம் விரலும் சேர்கிறது. பக்கம் மூன்று நொடி தாமதமானால் ரெஃப்ரெஷ் அடிக்கிறோம். முதலில் அனுப்பிய கோரிக்கை செத்துப்போவதில்லை. ஆள் போய்விட்டார் என்று தெரியாமல் சர்வர் அதற்கும் உழைத்துக்கொண்டே இருக்கும். கூடவே இரண்டாவது, மூன்றாவது கோரிக்கை. தாமதம் ரெஃப்ரெஷைப் பெருக்கும், ரெஃப்ரெஷ் தாமதத்தைப் பெருக்கும். இந்தச் சுழலில் மாட்டிய சைட், வந்த கூட்டத்தில் பாதி திரும்பிப் போன பிறகும் எழுந்திருக்காது.

சர்வரை வாடகைக்குத் தரும் கிளவுடில் கூட்டத்துக்கு ஏற்ப சர்வர் தானாகவே கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆனால் நெரிசலைக் கவனித்து, புது சர்வரை எழுப்பி, அது தயாராவதற்குச் சில நிமிடமாவது ஆகும். 2014 ஆகஸ்டில் ஃப்ளிப்கார்ட்டில் ஷாவ்மியின் மி 3 ஃபோன்கள் 20,000, இரண்டு சொச்சம் நொடியில் தீர்ந்தன. புது சர்வர் கண் விழிக்கும்போது பந்தலையே பிரித்திருப்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும். எவ்வளவு பேர் வருவார்கள் என்பதோ ஊகம்.

அந்த ஊகம் எவ்வளவு தப்பும் என்பதற்கு அமெரிக்க டிக்கெட் விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் உதாரணம். 2022 நவம்பர் 15, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரி டிக்கெட். 35 லட்சம் பேர் வாங்க விருப்பம் என்று முன்பே பெயர் கொடுத்திருந்தார்கள், அதில் 15 லட்சம் பேருக்குத்தான் வாங்குவதற்கான ரகசியக் குறியீடு அனுப்பினார்கள். அதாவது கூட்டத்தை முன்பே வடிகட்டியாயிற்று. அப்படியும் அன்று வந்த கோரிக்கைகள் 350 கோடி என்று அந்த நிறுவனமே சொன்னது. இது அவர்களுடைய முந்தைய உச்சத்தைப் போல நாலு மடங்கு. குறியீடு இல்லாதவர்களும், ஆளுக்குப் பதிலாகத் தானே வாங்கும் மென்பொருள்களான பாட்களும் வந்து மோதினார்கள். குறியீட்டைச் சரிபார்க்கும் சர்வர்களையே பாட்கள் தாக்கின என்று 2023 ஜனவரியில் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார்கள். 2024 செப்டம்பர் 22-இல் கோல்ட்பிளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் பேர் வந்ததாக, அதை விற்ற புக்மைஷோ சொன்னது. அரங்கமோ நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம். எத்தனை சர்வர் போட்டு என்ன, அத்தனை பேருக்கும் நாற்காலி போட முடியுமா?

பாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பக்கத்தைத் திறந்து, படம் வந்து, பட்டனைத் தேடி அழுத்துகிறோம். பாட் மென்பொருளுக்குப் பக்கமே வேண்டாம், பட்டனுக்குப் பின்னால் இருக்கும் முகவரியோடு நேரடியாகப் பேசும். 2020 செப்டம்பர் 17-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராஃபிக்ஸ் கார்டுகள் இப்படித்தான் போயின. பிறகு அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வருவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா போட்டு, சந்தேகப்பட்ட ஆர்டர்களை ஆள் வைத்துப் பார்த்து ரத்து செய்தது. பாட் வைத்து மொத்தமாக வாங்குவதை எதிர்த்து அமெரிக்காவில் 2016-இல் சட்டம் வந்தது. ஆனால் அது நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு மட்டும். ஷூவுக்கும் கார்டுக்கும் நாணயத்துக்கும் அது பொருந்தாது.

எல்லாரும் விழும்போது நின்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2012 பிப்ரவரி 29, பிரிட்டன் நேரம் காலை 6 மணி. 35 டாலர் விலையில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வெளியானது, முதல் தவணையில் 10,000. ராஸ்பெரி பை அறக்கட்டளை தன் சைட்டை முன்னதாகவே வெறும் அறிவிப்புப் பக்கமாக மாற்றி வைத்துவிட்டது. வாங்க வேண்டுமென்றால் பிரீமியர் ஃபார்னெல், ஆர்எஸ் கம்போனென்ட்ஸ் என்ற இரண்டு பெரிய விநியோக நிறுவனங்களுக்குப் போக வேண்டும். அந்த இரண்டு பெரிய சைட்டுகளும் விழுந்தன, அறக்கட்டளையின் வெறும் பக்கம் நின்றது.

இப்போது பல இடங்களில் காத்திருப்பு அறை வந்துவிட்டது. டென்மார்க்கின் கியூ-இட், கிளவுட்ஃப்ளேர் போன்றவர்கள் இதை வாடகைக்கே தருகிறார்கள். வாசலில் இலகுவான ஒரு பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி டோக்கன் கொடுத்து, உள்ளே எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பேரை மட்டும் விடுவார்கள். இது சைட்டைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்றாது. ‘உங்களுக்கு முன்னால் 6 லட்சம் பேர்’ என்று மரியாதையாகச் சொல்லும், அவ்வளவுதான்.

என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இத்தனை மணிக்கு, முந்தியவருக்கு முதலில் என்று அறிவித்த கணமே நெரிசலை விற்பவர்தான் உண்டாக்குகிறார். ஒரு வாரம் பெயர் கொடுக்கச் சொல்லி, பிறகு குலுக்கிப் போட்டால் எந்த நொடிக்கும் மதிப்பு இல்லை, ரெஃப்ரெஷ் அடிக்கக் காரணமும் இல்லை. 2025-இல் நின்டெண்டோ ஜப்பானில் ஸ்விட்ச் 2 கன்சோலைத் தன் சொந்தக் கடையில் இப்படித்தான் விற்றது. சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், ஆன்லைன் சந்தா ஒரு வருடமாவது கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. வாங்கி விற்கும் தரகனால் அந்த 50 மணி நேரத்தை ஒரே ராத்திரியில் தயாரிக்க முடியாது. கெட்டிக்கார யோசனை.

பிறகு ஏன் எல்லாரும் குலுக்கல் வைப்பதில்லை? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே யோசனையைச் சொன்னோம். மார்க்கெட்டிங் பக்கம் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: “குலுக்கல்னா அதுல நியூஸ் எங்க சார் இருக்கு?” இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது என்ற தலைப்புச் செய்திக்கு விளம்பரச் செலவு கிடையாது. சைட் விழுந்தாலும் ‘அவ்வளவு டிமாண்ட்’ என்றுதான் பேச்சு வரும். பொருள் எப்படியும் விற்றுவிடும், ஆகவே அரை மணி நேரம் சைட் படுத்ததால் அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. தினசரி மளிகை விற்கிற சைட் விழுந்தால் அன்றைய வருமானம் போச்சு, அங்கே தூக்கமில்லாமல் சரி செய்வார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விற்பனைக்கு அரை மணி நேரம் முன்பே லாகின் செய்துவிடுங்கள், முகவரியையும் கார்டையும் சேமித்து வையுங்கள். காத்திருப்புப் பக்கம் வந்துவிட்டால் ரெஃப்ரெஷைத் தொடாதீர்கள். தீர்ந்துவிட்டது என்று வந்தாலும் பத்து, பதினைந்து நிமிடம் நகராதீர்கள். கார்ட்டில் போட்டுவிட்டுப் பணம் கட்ட முடியாமல் போனவர்களின் பொருள் கெடு முடிந்ததும் இருப்புக்குத் திரும்பும். நிறையப் பேருக்குக் கிடைப்பது அந்தச் சொச்சத்தில்தான்.

இந்தியாவில் வாங்கும்போது பணம் கழிந்து, பக்கம் உறைந்து, ஆர்டர் வராமல் போனால் உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் பேங்க் செய்தியைப் பாருங்கள். அக்கவுன்ட்டில் கழிந்த பணம் கடைக்காரர் பக்கம் உறுதியாகவில்லை என்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே தர வேண்டியது. நடைமுறையில் கேட்டால்தான் நகரும். கஸ்டமர் கேரில் பேசும்போது சுற்றறிக்கையின் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 2019 செப்டம்பர் 20.