வாசகர் கேள்வி – பதில்: லைடன் ஆய்வகத்தின் கடுங்குளிர்

கேள்வி: ஹீலியம் முதன்முதலில் திரவமானபோது, குடுவையில் திரவம் சேர்ந்த பிறகும் யார் கண்ணிலும் படவில்லையாமே, எப்படி?

பதில்: உண்மைதான். நடந்தது 1908 ஜூலை 10, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில். இயற்பியலாளர் ஹைக்கே கமர்லிங் ஓனஸின் குழு விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டது.

அழுத்திய ஹீலியத்தை அறை வெப்பநிலையில் வால்வு வழியே விரியவிட்டால் குளிராது, லேசாகச் சூடேறும். ஏறக்குறைய 40 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 233 டிகிரி செல்சியஸ்) கீழே போனால்தான் விரியும்போது குளிரும். அதனால் முதலில் திரவக் காற்றின் உதவியால் 20 லிட்டர் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார்கள். அதன் ஆவியைப் பம்பால் இழுத்து சுமார் 15 கெல்வினுக்கு இறக்கி, அந்தக் குளிரில் ஹீலியத்தைச் சுற்றவிட்டார்கள். ஹீலியத்தில் துளி காற்று கலந்திருந்தாலும் அது உறைந்து வால்வுத் துளையை அடைத்துக்கொள்ளும். மோனசைட் மணலைச் சூடாக்கி எடுத்த வாயுவை அத்தனை பாடுபட்டுச் சுத்திகரித்தது அதற்காகத்தான்.

மாலையில் வெப்பமானி 5 கெல்வினுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. ஹைட்ரஜனும் தீரும் தறுவாயில். பார்க்க வந்திருந்த வேதியியல் பேராசிரியர் ஸ்க்ரைனமேக்கர்ஸ், கீழிருந்து விளக்கைக் காட்டிப் பார்க்கச் சொன்னார். திரவத்தின் மேல்விளிம்பு கண்ணாடிச் சுவரில் கத்திமுனைபோலத் தெரிந்தது! கிடைத்தது 60 மில்லிலிட்டர். திரவ ஹீலியத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.03தான், வாயுவோடு அதைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு ஒளி அதில் வளைவதில்லை. வெப்பமானி நகராமல் நின்றது அது ஏற்கெனவே திரவத்துக்குள் மூழ்கியிருந்ததால்தான்.

கேள்வி: மீக்கடத்துதிறனை (கடுங்குளிரில் மின்தடை அறவே மறைவதை) கண்டுபிடிக்கப் பாதரசத்தை ஏன் எடுத்தார்கள்?

பதில்: தங்கம், பிளாட்டினம் கம்பிகளில் எவ்வளவு குளிரவைத்தாலும் கொஞ்சம் மின்தடை மிஞ்சியது, கலப்புதான் காரணம் என்று ஓனஸ் கணித்தார். பாதரசத்தைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மையாக்கலாம். சங்கடம் வேறிடத்தில்: உறையும்போது அது சுருங்கும், நுண்குழாய்க்குள் பாதரச இழை அறுந்தால் மின்சுற்றே துண்டாகிவிடும். 1911 ஏப்ரலில், 4.2 கெல்வினை ஒட்டி மின்தடை சட்டென்று அளவிட முடியாதபடி விழுந்தது. அளவீடுகளில் ஓனஸின் சக ஆய்வாளர் ஹோல்ஸ்டின் பங்கு பெரிது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். தூய்மை கட்டாயமல்ல என்பது பிறகு தெரிந்தது. ஈயமும் வெள்ளீயமும்கூட அப்படியே நடந்துகொண்டன.

கேள்வி: ஓனஸ் ஹீலியத்தை உறையவைத்தாரா?

பதில்: இல்லை. ஆவியை இழுத்து ஏறக்குறைய 1 கெல்வின் வரை இறக்கிப் பார்த்தார். அது திரவமாகவே இருந்தது. ஹீலியத்துக்குக் குளிர் மட்டும் போதாது, 25 வளிமண்டலம் போல அழுத்தமும் வேண்டும். அதே ஆய்வகத்தில் இயற்பியலாளர் கேசோம் அதைச் செய்துகாட்டினார், ஓனஸ் மறைந்த 1926-ல்.