பெங்களூரில் வாக்கி டாக்கி வாங்க லைசன்ஸ் வேண்டுமா?

ஸ்கந்தகிரி, சாவனதுர்கா என்று மலையேறும்போது போன் சிக்னல் போய்விடுகிறது, நாலு பேர் பேசிக்கொள்ள என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பிஎம்ஆர் 446 வகை செட் போதும்; 446 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும் சிறிய வாக்கி டாக்கிதான் அது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை 2018-இலேயே லைசன்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். சக்தி மட்டும் அரை வாட்டைத் தாண்டக் கூடாது. இடிஏ (அரசு தரும் கருவி வகை ஒப்புதல்) சான்று உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 5 வாட் செட் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மாமா வாங்கி வருவதும் வேண்டாம்; அது 462 மெகாஹெர்ட்ஸில் பேசும், இங்கே அதற்கு அனுமதியில்லை.

அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் "10 கிலோமீட்டர்" கதையை நம்பாதீர்கள். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். ஜெயநகர் மாதிரி கட்டட நெருக்கத்தில் ஒரு கிலோமீட்டர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். உச்சியிலிருந்து அடிவாரம் தெரிந்தால் பல கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். நடுவே ஒரு பெரும்பாறை வந்தால் போச்சு. உயரம் கூடுவதுதான் வாட் கூடுவதைவிட உதவும்.

பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். செட்டில் இருக்கும் 'ப்ரைவசி கோட்' வசதி ரகசியம் காக்காது. பிறர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம்.

ஆசை வளர்ந்தால், தேர்வெழுதி லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோ இருக்கிறது. 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலை லைசன்ஸுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக்குறியீடு) தேவையில்லை. பயிற்சிக்கு, பெங்களூரிலேயே உள்ள இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹாம்ஸில் விசாரியுங்கள்.